மரத்தடிப் பள்ளம்

"சங்கு ஊதாம ஞாயித்துக்கிழமை விடியவே மாட்டேங்குது அண்ணி," என்றான் பேக்கரிக்காரன், சைக்கிளில் ஏறிக்கொண்டே.

அவள் சிரித்தாள். பின்னால் நின்ற அவள் கணவரும் சிரித்தார், சத்தமில்லாமல்.

சைக்கிள் கிளப்பில் அவருக்குச் சங்கு என்றுதான் பெயர். எப்போதும் முதல் ஆளாகப் போவார். சாலையில் மேடோ பள்ளமோ கண்ணாடிச் சில்லோ, எது வந்தாலும் ஒரு குரல் கொடுப்பார். பின்னால் வருகிறவர்கள் அதை வாய்மாற்றி வாய்மாற்றிக் கடைசி ஆள்வரை கொண்டு சேர்ப்பார்கள். அவர் கத்துவதைக் கேட்டு அடுத்த தெருவில் நடப்பவர்கள்கூட ஒதுங்கி நிற்பார்கள் என்று கிளப்பில் ஒரு கேலி உண்டு.

இன்று பேக்கரிக்காரன் முதல். அவர் கடைசி. அவருக்கு முன்னால் அவள்.

குளிர் விட்டபின் வந்த முதல் நல்ல வெயில். ஆற்றோரச் சாலையில் மரங்களெல்லாம் புதுத் தளிர் விட்டிருந்தன. முதுகில் யாரோ வெதுவெதுப்பான கையை வைத்தது போலிருந்தது அவளுக்கு.

அவர் தொண்டையில் வளர்ந்த முடிச்சை எடுத்தாயிற்று. புற்று இல்லை, சாதுவான முடிச்சுதான் என்றும் சொல்லியாயிற்று. அதைக் கேட்ட அன்று இருவரும் ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

தையல் ஆறும்வரை மௌனம். அதுவும் முடிந்து, வெள்ளிக்கிழமை டாக்டர் சொல்லிவிட்டார். "இனிமே தாராளமா பேசலாம் சார்."

அவர் பேசவில்லை.

காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டால் கட்டைவிரலை உயர்த்தினார். பேசுங்களேன் என்றால் வாயைத் திறப்பார். காற்று வருவதற்குள் மூடிக்கொள்வார். திறந்து பார்த்து உள்ளே ஒன்றும் இல்லையென்றால்? திறக்காதவரை இருப்பதாகவே நம்பிக்கொள்ளலாம்.

நாளையோடு விடுப்பு முடிகிறது. அவர் கணக்கு வாத்தியார். எட்டாம் வகுப்பைக் கட்டைவிரலைக் காட்டி அடக்க முடியுமா?

அவள் பிசியோதெரபி பார்க்கிறவள். எலும்பு கூடிய பிறகும் காலை ஊன்றப் பயப்படுகிறவர்களை நடக்கவைப்பதுதான் வேலை. தைரியம் சொல்லி யாரும் நடந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

சாலை வளைந்தது. பெரிய மரம் வந்தது. அதனடியில்தான் அந்தப் பள்ளம். வெயில் இலைகளின் வழியே சல்லடையாக விழும்போது நிழலோடு நிழலாகப் படுத்திருக்கும்.

"பள்ளம்!" என்று முன்னாலிருந்து வந்தது. ஒவ்வொரு வாயாக மாறி, கடைசியில் அவளுக்கு முன்னால் போன தையல்காரர் அதைச் சொல்லிவிட்டு, கையைத் தாழ்த்திக் காட்டிவிட்டு விலகிப் போனார்.

இனி அவள் கை காட்ட வேண்டும்.

கை எழவில்லை. முகத்தை வெயிலுக்குக் கொடுத்துவிட்டு நேராகவே மிதித்தாள். யார் பார்த்தாலும் சொக்கிப்போனவள் என்றுதான் சொல்வார்கள்.

பின்னால் மணி அடித்தது. மறுபடி அடித்தது. பிறகு விடாமல் அடித்தது.

அவள் திரும்பவில்லை.

"ஏய் பூனை! பள்ளம்! பள்ளம்டி!"

தகரத்தில் ஆணியை இழுத்தது போல ஒரு குரல். நடுவில் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்தே மறுபடி எழுந்தது.

அவள் சட்டென்று ஒடித்தாள். சக்கரம் பள்ளத்தின் விளிம்பை நக்கிவிட்டுப் போயிற்று.

முழு வரிசையும் நின்றுவிட்டது. பேக்கரிக்காரன் இரண்டு காலையும் ஊன்றித் திரும்பினான். "எங்கண்ணா பூனை? அடிபட்டுடுச்சா?"

வீட்டுக்குள் மட்டும் புழங்கும் பெயர். அவளுக்குக் காதுவரை சூடேறியது.

தையல்காரருக்குத்தான் முதலில் புரிந்தது. "பூனையை விடுப்பா. சங்கு ஊதிடுச்சு."

அவர் தன் தொண்டையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார், வேறு யாருடைய பொருளோ கைக்கு வந்துவிட்டது போல. பிறகு அவளைப் பார்த்தார்.

"கண்ணை எங்க வச்சிருந்த? அத்தனை பேர் கத்துறாங்க, காதுல விழல? நான் ஒருத்தன் பின்னாடி வரேன்னு நினைப்பாவது இருந்துச்சா?"

"வெயிலுங்க. கண்ணு கூசிடுச்சு."

"கூசும், கூசும். மண்டை உடைஞ்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

பாலத்தைக் கடக்கும்போதும் திட்டினார். டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டும் திட்டினார். திட்டத் திட்டக் கரகரப்பு தேய்ந்து, அடியிலிருந்து பழைய குரல் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பார்த்தது. கிளப் முழுவதும் டீ குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எங்கே நிறுத்திவிடுவாரோ என்பதுதான் அவள் பயமெல்லாம்.

நேற்று மாலை வேலை முடிந்து வரும் வழியில் அவள் தனியாக அந்த மரத்தடியில் இறங்கினாள். பள்ளத்துக்குள் ஒரு காலை விட்டுப் பார்த்தாள். கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை. விழுந்தால் முழங்காலில் தோல் போகும், அவ்வளவுதான்.

போகட்டும் என்று பஞ்சும் பிளாஸ்திரியும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.