நினைவு தடுமாறிய நோயாளி

மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் ஜெபராணிக்கு ஆன்லைன் எம்.எஸ்ஸி.யில் ஒரே ஒரு செய்முறைத் தேர்வுதான் பாக்கி. மருத்துவமனைகள் விற்ற நிஜ நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு கணினியில் உருவாக்கிய நோயாளியோடு திரையில் பேச வேண்டும். பெயரையும் முகத்தையும் மாற்றியிருந்தார்கள். குரலை அப்படியே விட்டுவிட்டார்கள்.

"ஜெபா, வந்திட்டியா மக்ளே?"

அம்மா. போன வருடம் அம்மா சாகக் கிடந்தபோது இவளுக்கு லீவு கிடைக்கவில்லை. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் வந்த நர்ஸையெல்லாம் மகள் என்று நினைத்து இப்படித்தான் கூப்பிட்டபடியே செத்துப்போனாள்.

ஏற்கெனவே இரண்டு முறை "வந்திட்டேம்மா" என்று சொல்லி ஜெபராணி தோற்றிருந்தாள். நினைவு தடுமாறும் நோயாளியிடம் உண்மையைத்தான் சொல்ல வேண்டுமாம். மூன்றாவது முறையும் தவறினால் படிப்பே ரத்து.

"ஒரு வரிதானக்கா, சொல்லித் தொலைங்க," என்றாள் போனில் கூடப் படிக்கும் ஷைனி. "எங்களையும்தான் ஜெபான்னு கூப்பிட்டுச்சு. நாங்க சொல்லலியா?"

போனை வைத்துவிட்டு மூன்றாவது முறையாக ஜெபராணி கேமராவைப் பார்த்தாள்.

"நான் உங்க மக இல்லம்மா. நர்ஸ்."

பச்சை விளக்கு எரிந்தது. முழு மதிப்பெண்.

"அப்போ எனக்க மக வரமாட்டாளா?" என்றாள் அம்மா.

அந்தக் கேள்விக்கு மதிப்பெண் கிடையாது, பதில் சொல்லாமலே வெளியேறலாம் என்றது திரை.