புது சைலன்சர் வந்த நேரம்

ஒரு மோட்டார் சைக்கிள் மேடு ஏறும்போதெல்லாம் திணறியது. எஞ்சினைப் பிரிக்கவே கூடாது, ஆனால் வண்டி பறக்க வேண்டும் என்று மெக்கானிக்கிடம் சொல்லி, அதன் சொந்தக்காரர் ஜெபசிங் ஒரு புது சைலன்சரை வாங்கி வந்தார்.

மெக்கானிக் அதை மாட்டினார். பிறகு, பழக்கதோஷத்தில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுப் பார்த்தார். அரைச் சுற்றிலேயே நின்றுவிட்டது. பிரேக் அதை லேசாகக் கவ்விக்கொண்டிருந்தது. பிரேக் நட்டை இரண்டு சுற்று தளர்த்திவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அன்று மாலை மேட்டில் வண்டி சிட்டாய்ப் பறந்தது.

"சைலன்சர்னா இதுதான் சைலன்சர்!" என்றார் ஜெபசிங். வீட்டுக்கு வந்ததும் அதை மட்டும் துணியால் துடைத்தார்.

"கேட்டீங்களா எல்லாரும்?" என்றது சைலன்சர். "நான் வந்து இன்னும் ஒரு நாள்கூட ஆகல."

செயினுக்குப் பொறுக்கவில்லை. பிரேக்கிடம் கிசுகிசுத்தது. "உன் நட்டைத் தளர்த்தினதாலதான் வண்டி ஓடுது. பேரு அதுக்கா? வாயைத் திறந்து சொல்லேன்."

"சொன்னா அடுத்து என்ன கேப்பாங்க தெரியுமா?" என்றது பிரேக். "இந்த ஆறு மாசமா சக்கரத்தைப் பிடிச்சு வச்சிருந்தது யாருன்னு கேப்பாங்க."

பிறகு சைலன்சரைப் பார்த்து உரக்கச் சொன்னது.

"அண்ணே, எல்லாம் நீங்க வந்த நேரம்!"