முள் நடுவில் நிற்க வேண்டும்

"ஏம்மா, கடையில ஆம்பளைங்க யாரும் இல்லையா? நான் வாங்க வந்தது இன்ஜின் மீட்டர், லிப்ஸ்டிக் இல்ல."

உதிரிபாகக் கடை கவுண்டரில் இருந்த மார்வா நிமிர்ந்து பார்த்தாள். தொப்பியைக் கழற்றாமல் நின்றிருந்தான் ஆர்லன். நாற்பது மைல் ஓட்டி வந்திருந்தான். அமெரிக்காவின் மோண்டானாவில் நாற்பது மைல் என்றால் பக்கத்து வீடு.

"நான்தான் சார் இருக்கேன். என்ன வண்டி?"

"தொண்ணூத்தாறு மாடல் டீசல் பிக்கப். நீலம். பின்கதவு மட்டும் வெள்ளை."

மார்வா ஒரு நிமிடம் அவனையே பார்த்தாள்.

"வண்டி எப்படி ஓடுதுன்னு சொன்னாத்தான் சார், எந்த மீட்டர் வேணும்னு சொல்ல முடியும். மேடு ஏறும்போது சூடாகுதா?"

"சூடா? பானெட் மேல முட்டை பொரிக்கலாம்!"

"அப்போ வெப்ப மீட்டர் ஒண்ணு. ஆயில் பிரஷர்?"

"சிக்னல்ல நின்னா முள்ளு படுத்துக்கும்."

"அதுக்கு ஒண்ணு. கியர் எப்படி?"

"பதினஞ்சு வருஷம் குதிரை ட்ரெய்லர் இழுத்த வண்டிம்மா. மூணாவது கியர் விழறதுக்குள்ள ரேடியோவுல ஒரு பாட்டு முடிஞ்சிடும்."

"அப்போ கியர் ஆயில் சூட்டுக்கும் ஒண்ணு." அவள் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தாள். "சென்சரை எங்கே மாட்டணும்னா..."

"சென்சரே வேணாம். என் மச்சான் வயர்ல ஏதோ வெச்சு, மூணு முள்ளையும் நடுவுலேயே நிக்க வெச்சிடுவான்."

"அப்புறம் எதுக்கு சார் மீட்டர்?"

"விக்கறதுக்கு! மீட்டர் மாட்டின வண்டின்னா, வெச்சிருந்தவன் கண்ணும் கருத்துமா பார்த்துக்கிட்டான்னு நினைப்பாங்க."

"வாங்குறவருக்குத் தெரியாதா?"

"ஸ்கூல் வாத்தியார். 'சீட் வசதியா இருக்குமா'ன்னு போன்ல கேட்கிறான்! பொண்ணு மலை தாண்டி காலேஜுக்குப் போகணுமாம்."

"மலை ஏறுமா சார்?"

"ஏறினா அவ அதிர்ஷ்டம்!" ஆர்லன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

மார்வா சிரிக்கவில்லை. பில்லை அவன் பக்கம் தள்ளினாள். "மின்சாமான் சார். வித்தா திருப்பி வாங்க மாட்டோம். கையெழுத்துப் போடுங்க."

போட்டான். பெட்டிகளை அணைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான். "ஆறு மணிக்கு வர்றானாம். அதுக்குள்ள மாட்டணும்."

"ஆறரை ஆகும் சார். நான் கடையை மூடிட்டுத்தான் கிளம்பணும்."

"நீயா? நீ எதுக்கு அங்க வரணும்?"

"வராம எப்படி சார்? அந்த வண்டியில மலை தாண்டிப் போகப் போறது என் பொண்ணு."