முன்வரிசையில் இருதயராஜ்

அந்தக் கைப்பேசி நிறுவனம் தன் அறிமுக விழாக்களுக்கு இப்போது யாரையும் அழைப்பதில்லை. டிவியில் காட்டும் விழாவில், என்றோ படம்பிடித்து வைத்த கூட்டமே ஒவ்வொரு முறையும் கைதட்டும். அதன் முன்வரிசையில் பிலோமினாவின் கணவன் இருதயராஜும் இருந்தான். போன வருஷம் அவர்களுடைய பேட்டரி வெடித்துச் செத்தவன், “இனி எங்கள் பேட்டரி வெடிக்காது” என்ற அறிவிப்புக்கு எழுந்து நின்று கைதட்டினான்.

பிலோமினா பதறிப்போய் நிறுவனத்துக்குப் போன் செய்தாள்.

“அவரை அதுலேருந்து எடுத்துடுங்க சார்.”

“பத்து வருஷத்துக்கு அவர் படத்தைக் காட்டிக்கலாம்னு எழுதிக் கொடுத்திருக்காரும்மா.”

அவள் விடவில்லை. வழக்குப் போட்டு ஜெயித்தாள்.

அடுத்த விழாவில் முன்வரிசையில் வேறு யாரோ ஒருவன் கைதட்டினான். பிலோமினா திரையோடு ஒட்டி நின்று, கடைசி வரிசைவரை கணவனைத் தேடிக்கொண்டிருந்தாள்.