கொம்பு

“கஷ்டம் ஏதாவது சொல்லு,” என்றார் டீச்சர்.

நான் பெயின்ட் வேலைக்கு வந்திருந்த வீட்டுத் தம்பி யோசித்தான்.

நான் ஏணியில் நின்று சுவரை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் அவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று கையை மெதுவாக்கினேன். என் காதில் எல்லாம் விழட்டும் என்பதுதான் நிஜம்.

நாளைக்கு அவனுக்கு நேர்காணல். கணக்கையும் கவிதையையும் சேர்த்துப் படிக்கவைக்கிற கல்லூரி. கேட்டு வருகிறவர்கள் கூட்டம் கூட்டமாக. எடுப்பது கைப்பிடி அளவு. மார்க் மட்டும் போதாது. எதிரில் உட்காரவைத்து, நீ யார் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லப் பழக்கத்தான் டீச்சர் வீடு தேடி வந்திருந்தார்.

நாளைக்கு என் மகளுக்கும் அங்கேதான் நேர்காணல். இந்த வீட்டில் அதை நான் சொல்லவில்லை.

அவள் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லிப் பழகுகிறாள். கண்ணாடி எதையும் திருத்தாது. இங்கே டீச்சர் அவனுடைய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பட்டி பார்த்தார். ஓட்டையை அடைத்தார், மேட்டைத் தேய்த்தார். சுத்தமான வேலை. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

தம்பிக்குக் கஷ்டம் அகப்படவில்லை. குளிரில் எழுந்து நீச்சல் வகுப்புக்குப் போனதைச் சொன்னான். டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். அவன் அம்மாவும் வந்து சேர்ந்துகொண்டார். தொலைந்த ரிமோட்டைத் தேடுவதுபோல மூன்று பேருமாகக் கஷ்டத்தைத் தேடினார்கள்.

எங்கள் வீட்டில் கேட்டிருந்தால் மூட்டையே கட்டிக் கொடுத்திருப்பேன்.

சொந்தக் கஷ்டம் இல்லாவிட்டால் போகட்டும், அடுத்தவர் கஷ்டத்தில் கைகொடுத்தது ஏதாவது உண்டா என்று டீச்சர் கேட்டார்.

வீட்டு அம்மாவின் பார்வை மெல்ல ஏணியில் ஏறியது.

போன முறை நான் பெயின்ட் அடிக்க வந்தபோது, தரையில் விரிக்கப் பழைய பேப்பர் எடுத்துக் கொடுத்தது தம்பிதானாம். அதன்மேல் உட்கார்ந்து நான் எழுத்துக் கூட்டிப் படித்ததை அந்த அம்மா பார்த்தாராம். அப்படியென்றால் எனக்குப் படிப்பு வந்ததில் இவனுக்கும் பங்கு உண்டுதானே என்றார்.

பேப்பர் கொடுத்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். தரையில் பெயின்ட் சிந்தக் கூடாது என்று கொடுத்தான். எனக்கு எழுத்தைக் கொடுத்தவள் என் மகள். வேலை முடிந்து வந்து சுவரில் சாய்ந்தால், தோளைத் தட்டி எழுப்பி உட்காரவைத்தவள்.

இறங்கித் தண்ணீர் குடித்தேன்.

டீச்சருக்கு யோசனை பிடித்துவிட்டது. ஆனால் சும்மா சொல்லிக்கொடுத்தேன் என்றால் ஒருவரும் நம்ப மாட்டார்கள், கூட இருந்தவனுக்கு மட்டுமே தெரிகிற சின்ன விஷயம் ஒன்று வேண்டும் என்றார். எந்த எழுத்தில் இவர் தடுக்கி விழுந்தார், எப்படித் தப்பாகப் படித்தார், அந்த மாதிரி ஒன்று.

தம்பி என்னிடம் வந்தான். அவன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

“சொல்லுங்கண்ணே. நீங்க சொல்றதை அப்படியே அங்க சொல்றேன்.”

எல்லா எழுத்துமே கஷ்டம்தான் தம்பி என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறியிருக்கலாம். அதைத்தான் சொல்ல நினைத்தேன். அங்கே ஒரு இடம் என் மகளுக்குப் போகட்டும்; இவனுக்கென்ன, வேறு நூறு கல்லூரி இருக்கிறது.

அப்படியே அங்க சொல்றேன் என்றானே, அது காதில் நின்றுவிட்டது. படித்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அறையில் ஒருவன் என்னைப் பற்றிப் பேசப்போகிறான். கூலி பேசியதைத் தவிர, என்னை வைத்து யாரும் எங்கும் எதுவும் பேசியதில்லை.

“கொம்பு, தம்பி,” என்றேன்.

‘தெ’ எழுதினால் கொம்பு முன்னால் வந்து நிற்கிறது, அதன் சத்தம் மட்டும் பின்னால் வருகிறது. அந்த நியாயம் எனக்குப் பிடிபடவே இல்லை. முன்னால் நிற்பவனைத்தானே முதலில் கூப்பிட வேண்டும்? பெயர்ப் பலகையில் ‘தெரு’ என்று இருந்ததை ‘எதரு’ என்று படித்தேன். ரொம்ப நாள் நாங்கள் எதருவில்தான் குடியிருந்தோம். கொம்பைக் கண்டால் வாயை மூடிக்கொள், பக்கத்து எழுத்தைப் பார், அப்புறம் திற. இந்த வழி கிடைத்த பிறகுதான் எனக்குத் தெரு தெருவானது.

எல்லாவற்றையும் சொன்னேன். வழி சொன்னது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

தம்பி ஒருமுறை சொல்லிப் பார்த்தான். எதரு வந்ததும் சிரித்தான், சட்டென்று நிறுத்திக் குரலை இறக்கினான். டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கல்லூரி என்னுடையதாக இருந்தால் அப்போதே அவனைச் சேர்த்துக்கொண்டிருப்பேன்.

“கடைசியில கொஞ்சம் மெதுவா சொல்லுங்க தம்பி,” என்றேன்.

நேற்று சாயங்காலம், இந்தக் கொம்புக் கதையை நேர்காணலில் சொல்லேன், கேட்கிறவர்கள் மனசு இளகும் என்று என் மகளிடம் நானேதான் கேட்டேன். படித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், மாட்டேன் என்றாள். என்னைச் சொல்ல வெட்கப்படுகிறாள் என்று முடிவுகட்டி எழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் சொன்னதும் என் காதில் விழத்தான் செய்தது.

“அது உங்களோடதுப்பா. நான் யாருக்கும் தர மாட்டேன்.”