யார் வந்தாலும்

பிரசவ விடுப்பில் போனவரின் நாற்காலியில் எனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை. புகார்க் கடிதங்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. எல்லாவற்றுக்கும் பதில் போட்டு முடித்தேன். திரும்பி வருபவர் திண்டாடக் கூடாதே என்று, வேலை முழுவதையும் படிப்படியாக ஒரு நோட்டில் எழுதியும் வைத்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

கடைசி நாளில் மேனேஜர் நோட்டைப் புரட்டிப் பார்த்து அசந்துபோனார்.

"பிரமாதம்மா! இது இருந்தா யார் வந்தாலும் வேலை செஞ்சிடலாம். இனி டெம்பரரி ஆளுங்களையே மாத்தி மாத்திப் போட்டுக்கலாம். லீவுல போன அந்தம்மாவை வர வேண்டாம்னு இன்னைக்கே லெட்டர் போட்டுடறேன்."

"அப்ப நான் சார்?"

"உங்களுக்குத்தான் இன்னையோட முடியுதே."

வீட்டில், குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே அக்கா சிரித்தாள்.

"திங்கட்கிழமை ஜாயின் பண்றேன். என் சீட்டைப் பத்திரமா பாத்துக்கிட்டியாடி?"