பெருச்சாளி வளையில் பயிற்சி

காட்டில் எல்லோரும் தானியத்தைப் பெருச்சாளியிடம்தான் கொடுத்து வைப்பார்கள். பெருக்கித் தருகிறேன் என்று அது சொன்னால் மறுபேச்சு கிடையாது. அதன் வளையில் மழைக்காலம் முழுக்கப் பயிற்சிக்கு வரச்சொல்லி அணிலுக்கு அழைப்பு வந்தது.

"பொழுது சாயறதுக்குள்ள பதில் சொல்லிடணும். வாசல்ல நிறைய பேர் நிக்கிறாங்க," என்றது பெருச்சாளி.

அணில் வளைக்குள் அறை அறையாகப் பார்த்துக்கொண்டே வந்தது. முயல் கொடுத்த தினை, மயில் கொடுத்த சோளம், கடைசி அறையில் தன் அம்மா கொடுத்த கடலை.

"ஐயா, உங்க தானியம் எந்த அறையில இருக்கு?"

"என்னோடதா?" பெருச்சாளி சிரித்தது. "அது வேற இடத்துல பத்திரமா இருக்கு."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அணில் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடியது. அம்மா வாசலிலேயே காத்திருந்தது. "சேர்த்துக்கிட்டாங்களாடா?"

"அதை விடும்மா. நம்ம கடலையை இப்பவே கேட்டாத் திருப்பித் தருவாங்களா?"